நாசரேத்தாரைப் பெத்லெகேமில் பிறப்பித்த கதை

(திசம்பர்த் திங்கள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால் உலகின் பெரும்பகுதியில் ஒரே காட்சி தாளிலும் துணியிலும் களிமண்ணிலும் எழும்பிவிடுகிறது. கூரை சரிந்த மாட்டுக்கொட்டில் ஒன்று. நடுவில் வைக்கோல்மேல் ஒரு பச்சிளங்குழந்தை. ஒருபுறம் தாய் மரியாள். மறுபுறம் கோலூன்றிய சூசை. பின்னால் ஓர் எருதும் ஒரு கழுதையும். இடப்பக்கம் ஆட்டிடையர், வலப்பக்கம் முடிசூடிய மூவரசரும் அவர்களுடைய ஒட்டகங்களும். கூரைமேல் வால் நீண்ட விண்மீன். காட்சிக்குள் இடம்பெறாமலே ஆண்டுதோறும் ஏச்சு வாங்குகிறவன் ஒருவனும் உண்டு. நிறைசூலியைக் கண்டும் இரக்கமின்றிக் கதவடைத்த சாவடிக்காரன் அவன்.

அழகிய காட்சிதான். குறை ஒன்றே ஒன்று: இக்காட்சி எந்த நற்செய்தி நூலிலும் இல்லை.

நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றுள் முந்தியது மாற்கு நூல், அது கி.பி. 70ஐ ஒட்டி எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் முடிபு. அதில் பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வளர்ந்த ஆளாகவே இயேசு யோர்தான் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறார். யோவான் நூலிலும் பிறப்புக் கதை இல்லை. அவ்விருவர்க்கும் முன்னரே மடல்கள் வரைந்த பவுலடியாரோ, இயேசு ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தார் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். பெண் வயிற்றில் பிறவாதார் யார்?

எஞ்சியவர் இருவர்: மத்தேயுவும் உலூக்காவும். பிறப்புக் கதையைச் சொல்பவர்கள் இவர்கள்தாம். ஒருவர் எழுதியதை மற்றவர் காணாமலே எழுதினர் போலும்; கண்டிருந்தால் இருவருள் ஒருவராவது திருத்தியிருப்பார்.

மத்தேயு சொல்வது இது. சூசையும் மரியாளும் யூதேயா நாட்டுப் பெத்லெகேமில் இருக்கிறார்கள். வேறெங்கிருந்தோ வந்தார்கள் என்ற பேச்சே இல்லை. குழந்தை அங்கே பிறக்கிறது. கிழக்கிலிருந்து விண்மீன் பார்க்கும் கணியர் சிலர் எருசலேமுக்கு வந்து, யூதர்க்கு அரசனாகப் பிறந்த பிள்ளை எங்கே என்று வினவுகிறார்கள். பிறகு பெத்லெகேமில் ஒரு வீட்டுக்குள் (கொட்டிலுக்குள் என்று நூலில் இல்லை) நுழைந்து குழந்தையை வணங்குகிறார்கள். ஏரோது அரசன் சினங்கொண்டு இரண்டு அகவைக்குட்பட்ட ஆண்பிள்ளைகளை வெட்டுவிக்கிறான். குடும்பம் எகிபது நாட்டுக்கு ஓடுகிறது. ஏரோது இறந்தபின் திரும்பும்போது சூசையின் எண்ணம் யூதேயாவுக்குப் போவதுதான். அங்கே ஏரோதின் மகன் அருக்கெலாவு ஆள்கிறான் என்று கேட்டு அஞ்சி, வடக்கே கலிலேயாவில் நாசரேத்து என்னும் ஊரில் புதிதாகக் குடியேறுகிறார்.

உலூக்கா சொல்வது வேறு. சூசையும் மரியாளும் தொடக்கமுதலே நாசரேத்து ஊரினர். பேரரசன் அகசுத்தசு இட்ட குடிமதிப்புக் கட்டளைக்காகப் பெத்லெகேமுக்கு வருகிறார்கள். தங்கிய இடத்தில் இடம் போதாமையால் குழந்தை முன்னணையில் கிடத்தப்படுகிறது. வயல்வெளி இடையர் வந்து காண்கிறார்கள். நாற்பது நாள் தீட்டுக் கழிந்ததும், எருசலேம் கோயிலில், அதாவது ஏரோதின் அரண்மனைக்குக் கூப்பிடு தொலைவில், குழந்தையைப் பலரறியக் காட்டுகிறார்கள். முதியவர் இருவர் உரக்கவே வாழ்த்துகிறார்கள். பிறகு குடும்பம் அமைதியாக நாசரேத்துக்குத் திரும்பிவிடுகிறது. கணியரும் இல்லை, விண்மீனும் இல்லை, கொலையும் இல்லை, எகிபதும் இல்லை.

இரண்டையும் ஒருசேர நம்ப வேண்டுமானால், அக்குழந்தை ஒரே வேளையில் தெற்கு நோக்கி ஓடியும் வடக்கு நோக்கி நடந்தும் இருக்க வேண்டும்! நம்புவோர் இச்சிக்கலைத் தீர்க்க எளிய வழி கண்டுபிடித்தார்கள். இடையரை ஒரு நூலிலிருந்தும் கணியரை மற்றொரு நூலிலிருந்தும் பிடித்துவந்து ஒரே கூரையின்கீழ் நிறுத்திவிட்டார்கள். கூரையையும் தாங்களே வேய்ந்தார்கள்.

இரண்டு நூலாரும் இவ்வளவு பாடுபட்டது எதற்கு? கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. யூதர் எதிர்பார்த்த மீட்பர் தாவீது அரசன் வழியில் வரவேண்டியவர். தாவீதின் ஊராகிய பெத்லெகேமில் தோன்றவேண்டியவர். மீக்கா என்னும் இறைவாக்கினர் நூல் அதற்கு மேற்கோள். ஆனால் இயேசுவையோ ஊரார் அனைவரும் நாசரேத்தார் என்றே அறிவர். நாசரேத்தின் பெருமை எத்தகையது? பழைய ஏற்பாடு முழுதும் தேடினாலும் அவ்வூர்ப்பெயர் இல்லை. கலிலேயாவில் படைநடத்திய யோசேபசு என்னும் யூத வரலாற்றாசிரியர், அந்நாட்டு ஊர்கள் பலவற்றைக் குறித்தும் நாசரேத்தைக் குறிக்கவில்லை. அத்தகைய சிற்றூர். மீட்பர் கலிலேயாவிலிருந்து வருவதெங்ஙனம், பெத்லெகேமிலிருந்தன்றோ வரவேண்டும் என்று மக்கள் கேட்டதாக யோவான் நூலே குறிக்கிறது. அவ்வினாவிற்கு யோவான் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தைவிட நல்ல இடம் ஏது?

ஆகவே உலூக்கா நாசரேத்துக் குடும்பத்தைப் பெத்லெகேமுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மத்தேயு பெத்லெகேம்க் குடும்பத்தை நாசரேத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. உலூக்காவுக்குக் கிடைத்த வண்டியை ஓட்டியவன் வரிக்கணக்கன். மத்தேயுவின் வண்டியை ஓட்டியவன் கொலைகாரன்.

வரிவண்டியில் முதலில் ஏறிப் பார்க்கலாம். குரேனியு என்பான் சிரியாவின் ஆளுநனாயிருந்தபோது எடுத்த குடிமதிப்பு என்று உலூக்கா பெயர்சுட்டி எழுதுகிறார். அப்படி ஒரு குடிமதிப்பு உண்மையிலேயே நடந்தது, ஐயமில்லை. ஆனால் அது நடந்த ஆண்டு கி.பி. 6. அருக்கெலாவை உரோமை அரசு பதவிநீக்கி யூதேயாவைத் தன் நேராட்சிக்குக் கொண்டுவந்தபோது எடுத்தது. ஏரோது இறந்ததோ, வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கணக்குப்படி, கி.மு. 4இல். இதே உலூக்காதான் தம் கதையை ஏரோதின் நாளில் தொடங்குகிறார். ஏரோது நாளில் சூலுற்ற தாய், குரேனியு நாளில் ஈன்றாள் என்றால் பத்து ஆண்டுச் சூல்! யானைகூட இரண்டாண்டுக்குள் ஈன்றுவிடும்.

இன்னும் உண்டு. கி.பி. 6இல் நாசரேத்து இருந்த கலிலேயாவை ஆண்டவன் ஏரோதின் மற்றொரு மகன் அந்திப்பா. யூதேயாவில் எடுத்த உரோமைக் குடிமதிப்பு அவன் குடிகளைக் கட்டாது. கட்டியது என்றே கொண்டாலும், ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த பாட்டன் ஊருக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும் என்பது எந்த நாட்டு முறை? உலூக்கா தரும் கொடிவழிப்படியே தாவீதுக்கும் சூசைக்கும் இடையில் நாற்பது தலைமுறை. பேரரசு முழுதும் ஒவ்வொருவனும் நாற்பதாம் பாட்டன் ஊரைத் தேடிப் புறப்பட்டிருந்தால், உழுபவன் யார், அறுப்பவன் யார், வரிக்குரிய விளைச்சல்தான் எங்கே? உரோமைக்காரனுக்கு வேண்டியது நிலத்தின் அளவு. நிலமோ நடந்து வராது. இருந்த இடத்தில் இருக்கும்.

உலூக்காவுக்காக வழக்காடுவோர் ஒரு சான்று காட்டுவர். கி.பி. 104இல் எகிபது நாட்டு ஆளுநன், வெளியூர் சென்றவர்கள் குடிமதிப்புக்காகத் தத்தம் இல்லம் திரும்ப வேண்டும் என்று ஆணையிட்டான், அவ்வோலை கிடைத்திருக்கிறது. மெய்தான். ஆனால் அது வெளியூர் போனவனைத் தன் வீட்டுக்கு அழைக்கும் ஆணை. சூசையோ தம் வீட்டிலிருந்து வெளியூர் போகிறார். சான்று எதிர்க்கட்சிக்கே உதவுகிறது.

அந்தக் குடிமதிப்பு தாலாட்டுப் பாட்டுக்குரிய நிகழ்ச்சியுமன்று. உரோமைக்கு வரிகட்டுதல் அடிமைத்தனம் என்று முழங்கிக் கலிலேயன் யூதா என்பான் மக்களைத் திரட்டிக் கிளர்ச்சி செய்தான். உலூக்கா எழுதியதாகவே கொள்ளப்படும் திருத்தூதர் பணிகள் நூலில் இக்கிளர்ச்சி குறிக்கப்படுகிறது. மண்ணின் மக்கள் குருதி சிந்திய ஒரு நிகழ்ச்சி, நற்செய்தியில் ஒரு குடும்பத்தை ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு ஏற்றிவரும் வண்டியாகிவிட்டது.

இனி மத்தேயுவின் விண்மீன். கிழக்கில் கண்ட விண்மீனைப் பின்பற்றிக் கணியர் வந்தனர் என்பது வழக்கு. வந்தவர்கள் எங்கே போனார்கள்? எருசலேம் அரண்மனைக்கு! விண்மீன் வழிகாட்டியாயின், அரண்மனைக்குப் போய் வழி கேட்பானேன்? எருசலேமிலிருந்து பெத்லெகேம் தெற்கே ஒன்பது கிலோமீட்டர் அளவுதான். அத்தனை நாடு கடத்திக் கூட்டிவந்த விண்மீன், அந்தக் கடைசித் தொலைவில் மட்டும் கண்மூடிக்கொண்டது. வழி கேட்டுக்கொண்டு வெளியே வந்ததும் மீண்டும் கண்திறந்து, முன்னே சென்று, குழந்தையிருந்த இடத்துக்கு நேர்மேலே நின்றது என்கிறார் மத்தேயு. உச்சிக்கு நேரான விண்மீன் ஒருவன் வீட்டுக்கு மட்டும் நேராயிராது, ஊருக்கெல்லாம் நேராயிருக்கும். இன்ன வீடு என்று சுட்டவேண்டுமானால் அது கூரையளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

அறிஞர் கெப்பிளர், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியாழனும் காரியும் நெருங்கிவந்ததைக் கண்டு, பின்னோக்கிக் கணக்கிட்டு, கி.மு. 7இல் அவ்விரு கோள்களும் மீன ஓரையில் நெருங்கியிருந்தன என்று காட்டினார். ஓராண்டில் மும்முறை நெருங்கின என்பது இன்றைய கணக்கு. வேறு சிலர் கி.மு. 12இல் தோன்றிய ஆலி வால்வெள்ளியைக் காட்டுவர். அதே வால்வெள்ளி 1301இல் தோன்றியதைக் கண்டிருக்கக்கூடிய ஓவியர் சியோட்டோ, சில ஆண்டுக்குள் இத்தாலி நாட்டுப் பதுவா நகரில் வரைந்த சுவரோவியத்தில் கொட்டிலின்மேல் வால்வெள்ளியை நீட்டிவிட்டார். கோள்கள் நெருங்கியது மெய். வால்வெள்ளி வந்ததும் மெய். ஆனால் அவற்றுள் எதுவும் ஒருவர் வீட்டுக் கூரைமேல் வந்து நின்றதில்லை. கதையிலுள்ள விண்மீனுக்கு வானநூலில் இடம் தேடுவது வீண்முயற்சி.

நகைப்பு இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் அந்த விண்மீனின் கண்ணயர்வுக்கு விலை கொடுத்தவர்கள் பெத்லெகேம்ப் பிள்ளைகள். கணியர் நேரே சென்று வணங்கியிருந்தால் ஏரோதுக்குச் செய்தி எட்டியிராது. செய்தி எட்டியிராவிடில் வாள் உயர்ந்திராது. ஒரு குழந்தையைக் காக்கக் கனவில் எச்சரித்த வானவர், மற்றக் குழந்தைகளின் தந்தையர் கனவில் வரவில்லை. இக்கதையை நம்புகிறவர்கள் விடைசொல்ல வேண்டிய வினா இதுவே. குடிமதிப்பின் ஆண்டைவிட இது பெரிது.

நல்லவேளை, அப்படுகொலை நடந்ததற்கு மத்தேயுவைத் தவிர வேறு சான்றில்லை. உலூக்கா அறியார். ஏரோதின் கொடுமைகளை ஒன்றுவிடாமல் எழுதிக்குவித்த யோசேபசும் அறியார். மனைவி மரியம்னையைக் கொன்றதும், அவள் பெற்ற மக்கள் இருவரைக் கி.மு. 7ஐ ஒட்டிக் கொன்றதும், தான் சாவதற்கு ஐந்து நாள் முன்பு மூத்த மகன் அந்திப்பத்தரைக் கொன்றதும் அவர் நூலில் விரிவாக உள்ளன. ஏரோதுக்கு மகனாயிருப்பதைவிடப் பன்றியாயிருப்பது மேல் என்று அகசுத்தசு நகையாடியதாக, நானூறு ஆண்டுக்குப் பின் மாக்கிரோபியசு என்பார் எழுதினார். யூதமுறைப்படி பன்றி உண்ணப்படாதன்றோ! கிரேக்கத்தில் பன்றிக்கும் மகனுக்கும் ஒலியொத்த சொற்கள். அச்சிலேடையை எண்ணியே பேரரசன் கூறியிருப்பான் என்பர். இத்தகைய ஏரோதின்மேல் இன்னொரு கொலையைச் சுமத்தினால் யார் மறுக்கப்போகிறார்கள்? எபிரேயரின் ஆண்பிள்ளைகளைக் கொல்வித்த எகிபது மன்னன் கதையும், அவனிடமிருந்து தப்பிய மோசே கதையும் மத்தேயுவின் உள்ளத்தில் இருந்தன. இயேசுவைப் புதிய மோசேயாக்க அவர்க்கு ஒரு புதிய கொடியன் வேண்டியிருந்தான்.

கொடிவழிப் பட்டியலைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. மத்தேயு கணக்கில் சூசையின் தந்தை யாக்கோபு. உலூக்கா கணக்கில் ஏலி. ஆபிரகாம் முதல் இயேசு வரை மும்முறை பதினான்கு தலைமுறை என்று மத்தேயு கூட்டுகிறார். அவ்வெண்ணைப் பெற யூத அரசர் மூவரை இடையில் விட்டுவிட்டார். விட்டும், பெயர்களை எண்ணினால் நாற்பத்தொன்றுதான் இருக்கின்றன. பதினான்கின்மேல் அவர்க்கு ஏன் அத்தனை பற்று? எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. தாவீது என்னும் பெயரின் மூன்றெழுத்துகளைக் கூட்டினால் பதினான்கு. இவ்வளவு உழைத்துத் தாவீதிலிருந்து இழுத்துவந்த கயிறு யார் வீட்டில் வந்து முடிகிறது? சூசை வீட்டில். சூசையோ, அவ்விரு நூல்கள் கூறும்படி, குழந்தையின் தந்தையல்லர்!

தந்தையில்லாப் பிறப்பு என்றதும் ஒரு சொல்லின் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாராய்ச்சியில் நாட்டமுள்ள இவ்வவைக்கு அது சுவைக்கும். ஒரு கன்னி சூலுற்று மகனைப் பெறுவாள் என்ற இறைவாக்கு நிறைவேறவே இது நடந்தது என்கிறார் மத்தேயு. அவர் எடுத்தாண்டது ஏசாயா நூலின் ஏழாம் அதிகாரம். மூலமாகிய எபிரேயத்தில் உள்ள சொல் 'அல்மா'. அதற்கு மணப்பருவத்து இளம்பெண் என்பது பொருள். ஆணுறவு அறியாதவள் என்று வரையறுத்துச் சொல்ல எபிரேயத்தில் 'பெத்துலா' என்னும் சொல் உண்டு; ஏசாயா அதை அங்கே ஆளவில்லை. இயேசுவுக்கு முன்னரே அந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் அவ்விடத்தில் 'பார்த்தெனோசு' என்று இட்டனர். அச்சொல் கன்னியைக் குறிப்பது. மத்தேயு படித்தது கிரேக்கப் பெயர்ப்பை. மூலத்தில் இளம்பெண்ணாயிருந்தவள் பெயர்ப்பில் கன்னியானாள். தமிழில்கூடக் கன்னி என்னும் சொல் இளமையையும் குறிக்கும், மணமாகாமையையும் குறிக்கும். எவ்விடத்தில் எப்பொருள் என்று காண்பது பெயர்ப்பவன் பொறுப்பு.

மூலத்தின் இடஞ்சுட்டிப் பொருளைப் பார்த்தாலோ இன்னும் வேடிக்கை. இயேசுவுக்கு எழுநூறு ஆண்டுக்கு மேல் முந்திய ஆகாசு என்னும் யூத அரசனை இரு பகையரசர் முற்றுகையிட வந்தனர். அவன் நடுங்கினான். அஞ்சாதே, இந்த இளம்பெண்ணுக்கு ஒரு மகன் பிறப்பான், அவன் நன்மை தீமை அறியும் பருவம் எய்துமுன் அவ்விருவர் நாடும் பாழாகும் என்று ஏசாயா அடையாளம் கூறினார். அவனுக்கு வேண்டியது இரண்டொரு ஆண்டில் காணக்கூடிய அடையாளம். கூரை பற்றியெரிகிறவனிடம், எழுநூறு ஆண்டு கழித்து நல்ல மழை பெய்யும் என்று எவரேனும் ஆறுதல் சொல்வரா? அப்பிள்ளைக்கு இம்மானுவேல் என்று பெயரிடுவர் என்பதும் அதே வாக்கு. இயேசுவையோ அவர் வாழ்நாளில் அப்பெயரால் எவரும் அழைத்ததாக நற்செய்திகளில் இல்லை.

இது இன்றைய எழுத்தாளர் கண்டுபிடித்த குற்றமன்று. இரண்டாம் நூற்றாண்டிலேயே யூதர் இச்சொல்லைப் பற்றி வழக்காடினர். யுசுத்தீன் என்னும் கிறித்தவ அறிஞர் திரிப்போ என்னும் யூதரோடு உரையாடுவதாக எழுதிய நூலில் இவ்வழக்கு இடம்பெற்றுள்ளது. 1952இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்திய ஆங்கில விவிலியம் அவ்விடத்தில் இளம்பெண் என்றே பெயர்த்தது. அது பொறாத ஒரு கிறித்தவச் சமயவுரையாளர் அப்பக்கத்தைக் கிழித்து எரித்தார். எரித்தவர் கையிலிருந்தது ஆங்கிலத் தாள்; எபிரேயச் சொல் அங்கேயே இருக்கிறது.

மாற்கு நூலில் ஒரு சிறு செய்தி உண்டு. இயேசு ஊழியம் தொடங்கியபோது அவர் மதிமயங்கிவிட்டார் என்று கருதி, அவருடைய வீட்டாரே அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்தார்களாம். வானவர் வந்து வாழ்த்தியதும், இடையர் வந்து வணங்கியதும், கணியர் பொன் கொட்டியதும் மெய்யானால், அவ்வீட்டார்க்கு அத்தனையும் மறந்துபோயினவா? மாற்கு அக்கதைகளை அறியாதவர். அறிந்திருந்தால் இச்செய்தியை எழுத அவர் கை வந்திராது.

சாவடிக்காரனுக்கு இனியேனும் முறை வழங்க வேண்டும். கிறித்தவ நாடுகளில் சிறுவர் நாடகந்தோறும் அவன் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். நூலில் அவன் இல்லவே இல்லை! உலூக்கா ஆண்ட கிரேக்கச் சொல் 'கத்தாலுமா'. அதே சொல்லை இயேசு கடைசி இரவில் உணவருந்திய வீட்டின் விருந்தறைக்கும் அவர் ஆள்கிறார். காசு கொடுத்துத் தங்கும் சாவடிக்கு அவர் அறிந்த சொல் வேறு. நல்ல சமாரியன் கதையில் 'பாந்தொக்கேயோன்' என்று அதைத் தெளிவாகவே எழுதியுள்ளார். ஆகவே வீட்டின் விருந்தறையில் இடமில்லாமையால் குழந்தையை மாட்டு முன்னணையில் கிடத்தினர் என்பதே நூற்பொருளாகத் தோன்றுகிறது. அந்நாட்டு எளிய வீடுகளில் மாடும் மனிதரும் ஒரே கூரையின்கீழ் இரவு கழிப்பது உண்டு. உறவினர் நெருக்கம் மிகுந்த ஒரு வீடு, அவ்வளவுதான். பெயர்ப்பாளர்கள் சாவடி கட்டினார்கள். நாடகக்காரர்கள் அதற்கு ஓர் ஆளை அமர்த்தினார்கள். மக்கள் அவனை ஏசினார்கள்.

எருதும் கழுதையும் வந்ததும் இப்படியே. இரண்டு நற்செய்திகளிலும் அவை இல்லை. ஏசாயா நூலின் முதல் அதிகாரத்தில் வேறு பொருளில் வருவனவற்றைப் பிற்காலத்தார் ஓட்டிவந்து கட்டினர். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் பிரான்சிசு அடிகள் வைக்கோலிட்ட முன்னணையும் உயிருள்ள மாடும் கழுதையும் நிறுத்தி விழா எடுத்தபின் அவற்றை அவிழ்த்துவிட எவராலும் முடியவில்லை.

மூவரசர் வளர்ச்சி அதைவிடப் பெரிது. மத்தேயு சொன்னது கணியர் என்று, எண்ணிக்கை சொல்லவில்லை. பரிசு மூன்று: பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். பரிசு மூன்றாகவே கொண்டுவந்தவரும் மூவர் ஆயினர். சிரியக் கிறித்தவ மரபில் பன்னிருவர். பிறகு முடி சூட்டினர். பிறகு கசுபார், மெல்கியோர், பல்தசார் என்று பெயரிட்டனர். பிறகு எலும்பும் கிடைத்தது! 1164இல் மிலான் நகரிலிருந்து கொண்டுபோன அவர்தம் எலும்புகள் செருமனியின் கொலோன் நகரப் பெருங்கோயிலில் பொற்பேழைக்குள் உள்ளன. அதன்பின் நூறாண்டு கழித்துப் பாரசீகம் வழியே சென்ற மார்க்கோ போலோ, சாவா என்னும் ஊரில் அம்மூவர் உடலும் தாடி மயிரும் கெடாமல் கல்லறைகளில் கிடப்பதாக எழுதினார். எண்ணிக்கையே இல்லாதவர்களுக்கு இருநாட்டில் கல்லறை.

கதையை அழகுசெய்தல் குற்றமா என்றால், குற்றமன்று. 1726இல் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார். சூசையே அதன் தலைவர். சூசை என்னும் எபிரேயப் பெயரின் பொருளைத் தேர்ந்து வளன் என்று தமிழாக்கிய நயம் ஒன்றே அவர் புலமைக்குச் சான்று. வறண்ட யூதேயா அவர் பாட்டில் தமிழ்நிலம்போல மழைவளமும் வயல்வளமும் பெற்றது. அதைப் படித்துவிட்டு எருசலேமில் நாற்று நட்டனர் என்று எவரும் நிலவரி கேட்கவில்லை; பாவலர் பாடினார், படிப்போர் சுவைத்தனர். மத்தேயுவும் உலூக்காவும் எழுதியதை அவ்வண்ணம் சுவைப்பார்க்கு எவ்விடரும் இல்லை. வரலாறு என்று நம்பச் சொல்லும்போதுதான் ஏரோதின் ஆண்டும் குரேனியுவின் ஆண்டும் எழுந்து வந்து கணக்குக் கேட்கின்றன.

கணக்கு என்றதும் நாளும் ஆண்டும் நினைவுக்கு வரும். திசம்பர் 25 என்று எந்த நற்செய்தியும் கூறவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அலெக்சாந்திரியாக் கிளெமெந்து, ஏப்பிரலிலும் மேயிலும் நாள் குறித்தவர்களைப் பற்றி எழுதுகிறார். உரோமையில் 354இல் தொகுத்த ஆண்டுக்குறிப்பேட்டில்தான் திசம்பர் 25 தெளிவாகத் தெரிகிறது. உரோமரின் ஞாயிற்று விழாவின் இடத்தில் இதை வைத்தனர் என்பர் சிலர். மார்ச்சு 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது திங்கள் கூட்டினர் என்பர் வேறு சிலர். ஆண்டைக் கணக்கிட்டவர் 525இல் உரோமையிலிருந்த தியோனீசியசு என்னும் துறவி. அவர் கணக்குச் சில ஆண்டு பிசகியது. ஏரோது கி.மு. 4இல் இறந்தான், அவன் இருக்கும்போதே இயேசு பிறந்தார். அதன்படி கிறித்து பிறந்தது கிறித்துவுக்கு முன்! நூலில் நாள் இல்லை என்று சொல்லியே இங்கிலாந்தின் தூய்மையர் 1647இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இவ்விழாவை ஒழித்தனர். அமெரிக்காவில் மசாசூசெட்சுக் குடியிருப்பு 1659 முதல் 1681 வரை, கொண்டாடியவர்க்கு ஐந்து சில்லிங்கு தண்டம் விதித்தது. விவிலியத்தை வரிக்கு வரி நம்பியவர்களே அவ்வாறு செய்தனர் என்பது எண்ணத்தக்கது.

பெத்லெகேமில் இன்று பிறப்புக் கோயில் இருக்கிறது. அதன் அடியிலுள்ள குகையில், இயேசு பிறந்த இடம் என்று காட்டும் தரையில் ஒரு வெள்ளி விண்மீன் பதித்திருக்கிறார்கள். அதற்குக் கதிர்கள் பதினான்கு; மத்தேயுவின் எண் வெள்ளியிலும் வந்துவிட்டது. இலத்தீனர் 1717இல் பதித்த அவ்விண்மீன் 1847இல் காணாமற்போயிற்று. கிரேக்கத் துறவிகளே பெயர்த்தனர் என்று இலத்தீனர் குற்றஞ்சாட்டினர். பின்னர்த் துருக்கியப் பேரரசர் வேறொன்று செய்து பதிப்பித்தார். பிரான்சும் உருசியாவும் பக்கத்திற்கொருவராய் நின்ற அப்பூசல், 1853இல் மூண்ட கிரீமியப் போருக்கு வழிகோலியவற்றுள் ஒன்று. இன்றும் இலத்தீனர், கிரேக்கர், ஆர்மீனியர் என்னும் முத்திறத்தார் அக்கோயிலைத் தூணும் படியும் எண்ணிப் பங்கிட்டுக்கொண்டுள்ளனர். 2011 திசம்பர் 28இல் விழாவுக்காகக் கோயிலைத் துப்புரவு செய்கையில், யார் எதுவரை பெருக்குவது என்று கிரேக்கத் துறவிகளுக்கும் ஆர்மீனியத் துறவிகளுக்கும் சண்டை மூண்டு, இருசாராரும் துடைப்பத்தால் அடித்துக்கொண்டனர். பாலத்தீனக் காவலர் தடியுடன் வந்து விலக்கிவிட்டனர்.

அம்மூவர்க்கும் பிறந்தநாளும் ஒன்றில்லை. இலத்தீனர்க்குத் திசம்பர் 25. பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் கிரேக்கர்க்குச் சனவரி 7. அங்குள்ள ஆர்மீனியர்க்குச் சனவரி 19. நாசரேத்தில் வளர்ந்த அந்தத் தச்சர் வீட்டுப் பிள்ளை, பெத்லெகேமில் ஒரே குகையில், ஆண்டுக்கு மூன்று முறை பிறந்துகொண்டிருக்கிறார்.